பாதாம் பிஸ்கட் நடுவில் மெத்தென்று இருக்கிறது

கேள்வி: வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50, மைதா 120, பாதாம் தூள் 60. ஓவனில் 180 டிகிரி, 12 நிமிடம். ஓரம் சிவந்துவிட்டது, நடுவில் மெத்தென்று இருக்கு, தொட்டாலே உடையுது. மாவு பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கிச்சு. மகள் ஆசையாகக் கேட்டாள், சரியா வரணும்.

பதில்: அளவில் குறையில்லைங்க. சூடாக இருக்கும்போது அப்படித்தான் இருக்கும்; ஆறினால்தான் மொறுமொறுப்பு. தட்டிலேயே 10 நிமிடம் விடுங்க. பரவினது வெண்ணெய் இளகினதால. உருட்டிய மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்க. நான் 160 டிகிரியில் 18 நிமிடம் வைப்பேன்.

இன்னொரு பதில்: பாதாமை வறுத்தீங்கன்னா நல்லா ஆறவிட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிப் பொடிங்க. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிடும்.

கேட்டவர்: ஃப்ரிட்ஜில் வைத்துச் செய்தேன். அடிப்பக்கம் பொன்னிறம், கடித்ததும் பொலபொலன்னு உதிருது. ரொம்ப நன்றிங்க!