வவுனியாவில் வெள்ளைக்காரன் கட்டிய விமானத்தளம்: பயிற்சிக்கா, சண்டைக்கா?

பாலைமரத்தடி:
எங்கள் படலையடியில், மழைக்காலத்தில் சேறு மிதிக்காமல் இருக்க, ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தகடு போட்டிருக்கிறது. நான் பிறக்க முன்னமே அது அங்கே கிடந்ததாம். அம்மப்பா அதைப் 'பிளேன் தகரம்' என்றுதான் சொல்லுவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வவுனியாவில் வெள்ளைக்காரன் விமானிகளைப் பழக்க ஒரு பெரிய பயிற்சித் தளம் வைத்திருந்தான், போர் முடிந்து அவன் போனபிறகு அங்கிருந்து வண்டிலில் ஏற்றிவந்தது என்பது அவருடைய கதை. இப்படி எத்தனை வளவில் எத்தனை சாமான் கிடக்கிறதோ! வவுனியாவில் ஒரு சின்னக் காட்சிசாலை வைத்து இதையெல்லாம் சேர்த்தால் என்ன?

வெட்டுக்குளத்தார்:
தம்பி, காட்சிசாலை கட்டுவது இருக்கட்டும், முதலில் பலகையில் என்ன எழுதுவது என்று பார்ப்போம். 'பயிற்சித் தளம்' என்று எழுதினால் பிழை. வவுனியாவில் நின்றவை பிரித்தானிய வான்படையின் 22ஆம், 217ஆம் அணிகள். இரண்டும், தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்குகிற டோர்பிடோ என்ற குண்டைப் போடும் போஃபோர்ட் விமானம் ஓட்டியவை (ஊழல் வழக்கில் அடிபட்ட போஃபர்ஸ் பீரங்கி இல்லை, இது வேறு). 22ஆம் அணி சும்மா அணி இல்லை. 1941 ஏப்ரலில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் கினைசெனாவைத் தாக்கி உயிர்விட்ட கென்னத் கேம்பல் அந்த அணிக்காரன்தான். அதற்காக அவனுக்கு விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களைக் கொண்டுவந்து வன்னிக் காட்டுக்குள் பள்ளிக்கூடமா நடத்தினார்கள்?

பாலைமரத்தடி:
ஐயா, அப்படியென்றால் அவர்கள் இங்கிருந்து போய் எந்தக் கப்பலைத் தாட்டார்கள்? ஒன்று சொல்லுங்கள்.

கச்சான்காற்று:
இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. நடந்ததைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். 9ஆம் தேதி திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் தாண்டது. கொக்கலையிலிருந்து போன கற்றலினா என்ற வேவு விமானம் முதல்நாளே ஜப்பான் கப்பல்களைக் கண்டு அறிவித்திராவிட்டால் கொழும்பின் பாடு இன்னும் மோசம். அவன் திரும்பி வருவான் என்ற பயத்தில்தான் தீவு முழுக்கத் தளங்களைப் பலப்படுத்தினார்கள். டோர்பிடோ விமானங்களைக் கொண்டுவந்து குவித்ததும் அதற்குத்தான்.

ஆனால் அவன் வரவில்லை. இலங்கையைத் தாக்க வந்த விமானந்தாங்கிகளில் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் இரண்டே மாதத்தில் மிட்வேயில் கடலடிக்குப் போய்விட்டன. அப்புறம் வவுனியாவில் இருந்தவர்களுக்கு என்ன வேலை? கப்பல்களுக்குத் துணை போவது, நீர்மூழ்கி தேடுவது, மிச்ச நேரமெல்லாம் பழகுவது. டோர்பிடோ போடுவது விளையாட்டில்லை. கப்பலுக்கு நேரே, கடலைத் தொடுகிற உயரத்தில், ஆடாமல் அசையாமல் பறக்கவேண்டும். உயரம் கூடினாலும் சரி, மூக்குச் சரிந்தாலும் சரி, டோர்பிடோ தண்ணீருக்குள் நேரே ஓடாது. அதைப் பழகிப் பழகியே இரண்டு வருடம் போயிற்று. 1944இல் போஃபோர்ட்டை விட்டுவிட்டு போஃபைட்டர் என்ற வேறு விமானத்துக்கு மாறினார்கள். 22ஆம் அணி பர்மாப் பக்கம் போய்விட்டது. ஆகவே பெயரளவில் போர்த்தளம், நடந்தது முக்கால்வாசி பயிற்சி.

வெட்டுக்குளத்தார்:
நல்ல விளக்கம், ஆனால் முடிவு பிழை. காவல்காரன் இரவு முழுக்க விழித்திருந்தும் கள்ளன் வரவில்லை என்பதால் அவன் காவல்காரன் இல்லை என்று ஆகிவிடுமா?

உண்மையான பயிற்சித் தளம் எப்படி இருக்கும் என்று நீங்கள் இருக்கிற கனடாவையே பாருங்கள். 1939 டிசம்பர் 17இல் கையெழுத்திட்ட பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தில் 1945 மார்ச் வரை 131,553 பேரைப் பழக்கி அனுப்பினார்கள். எதிரி எட்டாத தூரம், வெட்டவெளி, ஊருக்கு ஊர் ஓடுபாதை. அதுதான் பள்ளிக்கூடம்.

கச்சான்காற்று:
மனிட்டோபா மாகாணம் பிராண்டனில் அந்தக் காலத்து விமானக் கொட்டகை ஒன்றையே காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். போய் நின்று பார்த்தேன். முழுக்க மரவேலை. தலைக்குமேல் உத்தரமும் வளையும் பின்னிக்கிடந்ததைப் பார்க்க எங்கள் ஊர் நெற்களஞ்சியம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் திட்டத்துத் தளங்களில் ஓடுபாதைகள் முக்கோணமாக இருக்கும். பழகுகிற பெடியனின் சின்ன விமானத்தைப் பக்கக் காற்று தள்ளிவிழுத்தும். மூன்று பாதை இருந்தால் ஆறு திசை, எந்தக் காற்றுக்கும் ஏதோ ஒரு பாதை நேரே வரும்.

பாலைமரத்தடி:
வவுனியாவில் ஒரே பாதைதானே?

வெட்டுக்குளத்தார்:
அதை வைத்து வழக்கை முடிக்கவேண்டாம். எனக்குச் சாதகமாக இருந்தாலும் சொல்லுகிறேன், இங்கிலாந்தில் சண்டைக்கு எழும்பிய குண்டுவீச்சுத் தளங்களிலும் இதே முக்கோணம்தான்.

கச்சான்காற்று:
எங்கள் நாட்டுக்கு முக்கோணம் தேவையும் இல்லை. ஓடுபாதையின் எண் அதன் திசையைப் பத்துப் பாகைக் கணக்கில் சொல்லும். யாழ்ப்பாணத்துப் பலாலியுடையது 05-23, திருகோணமலைச் சீனன்குடாவுடையது 06-24. வடகிழக்கும் தென்மேற்கும். ஒரு பக்கம் வாடைக்காற்று, மறுபக்கம் கச்சான்காற்று. என் பெயரிலேயே ஓடுபாதை போட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

கிளிநொச்சிப்பெண்:
நான் இவ்வளவு நேரமும் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்கிறேன், குறை நினைக்கவேண்டாம். எங்களுக்கு எதற்கு விமானத்தளக் காட்சிசாலை? சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு அடைகோழி நின்றது. குண்டு போடுகிற கிபிர் விமானம் வரும் முன்னமே, எங்களுக்குச் சத்தம் கேட்கும் முன்னமே, அது குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு பங்கர் வாசலுக்கு ஓடிவிடும். அம்மா எங்களைப் பார்க்கமாட்டா, கோழியைத்தான் பார்ப்பா. கோழி எழும்பினால் நாங்களும் எழும்பவேண்டும். இன்றைக்கும் மேலே விமானம் போனால் அண்ணாந்து பார்க்கமாட்டேன்.

இதைவிட, எங்கள் காணி இன்னமும் ஒரு வேலிக்கு உள்ளே கிடக்கிறது. உள்ளே நின்ற பலாவில் யார் பழம் பறிக்கிறார்களோ. ஓடுபாதைக்குப் பலகை வைக்கமுதல் காணிக்காரனின் பெயரைப் பலகையில் எழுதட்டும்.

பாலைமரத்தடி:
அக்கா, நான் கொண்டாடச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எழுதிவைக்கத்தான் கேட்டேன்.

கிளிநொச்சிப்பெண்:
எழுதுவதென்றால் 1945ஓடு நிறுத்தமுடியாது தம்பி. வெள்ளைக்காரன் விட்டுப்போன தளம் பிறகு விமானப்படைத் தளம். 2008 செப்டம்பர் 9இல் புலிகள் வவுனியாவை வானிலும் தரையிலும் தாக்கினார்கள். இரணைமடுப் பக்கம் புலிகள் போட்ட ஓடுபாதை இருக்கிறது. 2007 மார்ச் 26இல் கட்டுநாயக்காவில் குண்டு போட்டார்கள், 2009 ஜனவரியில் இராணுவம் இரணைமடுப் பாதையைப் பிடித்தது. இதையெல்லாம் எந்த அலமாரியில் வைப்பீர்கள்? எந்த மொழியில் முதல் வரி எழுதுவீர்கள்? 1942 தூரத்தில் இருப்பதால் உங்களுக்கு அது கதை. அவ்வளவுதான்.

நெறியாளர்:
அக்கா கேட்டது தலைப்புக்கு வெளியே இல்லை, ஆகவே விட்டுவைக்கிறேன். ஆனால் 2009ஐப் பற்றி வசை எழுதிய இரண்டு பதிவுகளைத் தூக்கிவிட்டேன்.

கச்சான்காற்று:
அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சோழவரத்தைப் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில், அதே உலகப்போர்க்கால ஓடுபாதை. போருக்குப் பிறகு அதில் கார்ப்பந்தயம் விட்டார்கள், சனம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது. ஒரு பாதை எப்போதும் குண்டுக்காகவே இருக்கவேண்டும் என்றில்லை. புத்தளத்தில் கடற்படை விமானத்தை யானை கட்டி இழுத்த படங்கூட இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்காதவன் இல்லை.

வெட்டுக்குளத்தார்:
சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் பழைய சின்னம் என்பதற்குப் போட்ட கோடு 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள். 1942இல் ஊற்றிய கொங்கிறீட் அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கிறது. யாராவது முனைந்து கேட்டாலொழிய அது பாதுகாப்புக்குள் வராது.

சரி, இப்போது தகட்டுக்கு வருவோம். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, எல்லாருக்கும் அரசியல்தான். தற்காலிக ஓடுபாதைக்கு விரிக்கிற அமெரிக்கத் துளைத்தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 66 இறாத்தல், அதாவது 30 கிலோ. மூன்று வரிசை, வரிசைக்கு 29 துளை, மொத்தம் 87. பாரத்தைக் குறைக்கத்தான் துளை. ஒரு விளிம்பில் கொளுக்கி, மறுவிளிம்பில் அது மாட்டுகிற வெட்டு. எண்ணிப் பாருங்கள்.

பாலைமரத்தடி:
எண்ணினேன். மழை தூறுகிறது, குடையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஆனால் தகடு முழுசு இல்லை, ஆரோ வெட்டியிருக்கிறார்கள். 4 அடிதான் இருக்கிறது. அகலம் 15 அங்குலம் சரி. மூன்று வரிசை. வரிசைக்கு 11 முழுத்துளையும், வெட்டின இடத்தில் பாதித் துளையும். ஒரு விளிம்பில் கொளுக்கி மூன்று தேய்ந்துபோய் இருக்கிறது, எங்கள் சைக்கிள் டயரைக் கிழித்தது அதுதான்.

கச்சான்காற்று:
4 அடிக்கு பதினொன்றரை என்றால் 10 அடிக்கு 29 வருகிறது. அதே தகடு! அம்மப்பா பொய் சொல்லவில்லை.

வெட்டுக்குளத்தார்:
தகடு அதே வகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துளை எந்த வகைத் தகடு என்றுதான் சொல்லும், எங்கே விரித்தது என்று சொல்லாது. இந்த வகையைக் கொரியாவிலும் வியட்நாமிலும் விரித்தார்கள். உலகம் முழுக்கப் பழைய இரும்பாக விலைப்பட்டது. உங்கள் அம்மப்பா அதை 1946இல் ஏற்றிவந்தாரா, 1976இல் பழைய இரும்புக் கடையில் வாங்கினாரா? சாட்சி யார்?

பாலைமரத்தடி:
அம்மாவைக் கேட்டேன். தான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே அந்தத் தகட்டில் கால் இடறி விழுந்தவவாம், முழங்காலில் தழும்பைக் காட்டினா. அம்மா பிறந்தது 1951.

வெட்டுக்குளத்தார்:
தழும்பை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் வியட்நாமை வெட்டிவிடலாம். கொரியாவை இன்னும் விடவில்லை.

கிளிநொச்சிப்பெண்:
உந்தத் தகட்டைக் காட்சிசாலைக்குக் கொடுக்க அம்மா சம்மதிப்பாவா?

பாலைமரத்தடி:
கேட்டேன் அக்கா. "அப்ப படலையடிச் சேத்துக்கு ஆர் கல்லுப் போடுறது?" என்று கேட்கிறா.