30 வீட்டுக்கு கிறிஸ்துமஸ் பலகாரம், 2000 ரூபாய்க்குள். அச்சு முறுக்கு அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது

பாளை_புதுவீடு:

எல்லாருக்கும் வணக்கம். தெருவில் 30 வீட்டுக்கு கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்கணும். கவர், பை எல்லாம் சேர்த்து 2000 ரூபாய்தான் கணக்கு. பிளம் கேக்குக்கு இது காணாது, அதனால் வீட்டிலேயே சுட நினைக்கிறேன். சந்தேகங்கள் இவ்வளவு:

அச்சு முறுக்கு அச்சு புதுசு, அலுமினியம். மாவு அச்சை விட்டு இறங்கவே மாட்டேங்குது. கத்தியால் சுரண்டினால் தூள்தூளாக வருது. அரிசி மாவு கடை பாக்கெட்.

டிசம்பர் மழை ஈரத்தில் இரண்டாம் நாளே நமத்துப் போகாமல் எப்படி வைக்கிறது?

ஏழெட்டு வீட்டில் முட்டை சேர்க்க மாட்டாங்க. அவங்களுக்கு என்ன கொடுக்கலாம்?

சண்டே ஸ்கூல் பிள்ளைகள் 12 பேருக்கு, தின்பண்டம் இல்லாமல், செலவு குறைந்த கைவேலைப் பரிசு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க.

குமரிக்காரி:

30 வீட்டுக்கு மூணே பண்டம் போதும் தங்கச்சி: அச்சு முறுக்கு 4, முந்திரிக்கொத்து (பாசிப்பயறும் வெல்லமும் பிடிச்ச உருண்டை) 2, ஒரு கைப்பிடி கல்கல் (சுருட்டிச் சுடுற மைதா பலகாரம்). கேக்கை மறந்துடுங்க. வெண்ணெயும் முந்திரியும் வாங்கியே பாதிக் காசு போயிடும்.

முதலில் அச்சு. புது அச்சைக் கழுவி, ஒரு ராத்திரி சோறு வடிச்ச கஞ்சியில் போட்டு வைங்க. மறுநாள் துடைச்சு, ஈரம் போகக் காயவிட்டு, எண்ணெயில் மூழ்க வைத்து சிறு தீயில் கால் மணி நேரம் காய்ச்சுங்க. அடுப்பை அணைத்து அந்த எண்ணெயிலேயே மறுநாள் வரை கிடக்கட்டும். அப்படியும் முதல் நாலைந்து முறுக்கு வீணாகத்தான் செய்யும். அதைப் பார்த்து அச்சைச் சோப்பு போட்டுத் தேய்ச்சுடாதீங்க, பழக்கினது எல்லாம் போயிடும். வேலை முடிஞ்சதும் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கோடேயே காகிதத்தில் சுற்றி வைக்கணும்.

அடுத்தது மாவு. பச்சரிசி அரைக் கிலோவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் அரை மணி நேரம் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே அரைத்துச் சலிக்கணும். அதோடு மைதா 100 கிராம், பொடித்த சீனி 150 கிராம், முட்டை 2, கறுப்பு எள் இரண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைங்க. கரண்டி முதுகில் மாவு மெல்லிசாகப் படியணும், விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கணும். அதுதான் பதம். அச்சின் அளவைப் பொறுத்து 60க்குக் குறையாமல் வரும். 30 வீட்டுக்கு இதை இரண்டு மடங்காக்கிக்கோங்க.

இப்போ முக்கியமான இடம். ஒவ்வொரு தடவையும் அச்சை எண்ணெய்க்குள்ளே பத்து நொடி வைத்துச் சூடாக்கி, எடுத்து உதறி, காகிதத்தில் ஒரு ஒற்று ஒற்றிட்டு மாவில் விடணும். எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டால் மாவு பிடிக்காது. முக்கால் உயரம்தான் முங்கலாம். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டிப் படிஞ்சா அது மேலே பூட்டு போட்ட மாதிரி, எவ்வளவு உதறினாலும் இறங்காது. புது அச்சில் ஒட்டுறதுக்குப் பாதிக் காரணம் பழக்காதது, மீதிப் பாதி இதுதான்.

மாவில் விடும்போது 'சுர்' என்று கேட்கணும். சத்தமே இல்லைன்னா அச்சு ஆறிப்போச்சு, மாவு வழிஞ்சு ஓடிடும். ரொம்பச் சூடா இருந்தா மாவு தொட்டதுமே வெந்து, கழன்று மாவுப் பாத்திரத்திலேயே விழுந்து கிடக்கும். சரியா இருந்தால் எண்ணெயில் வைத்த 15, 20 நொடியில் ஓரம் பிரியும். லேசா ஆட்டுங்க. வரலைன்னா ஈர்க்குச்சியால் ஓரத்தைத் தள்ளணும், கத்தி ஆகாது. வெளிர் பொன்னிறத்திலேயே எடுத்துடுங்க. சீனி இருக்கிறதால் வெளியே எடுத்த பிறகும் கொஞ்சம் சிவக்கும்.

எண்ணெய்ச்சட்டி:

குமரிக்காரி அக்கா சொன்னது சரி. ஆனால் கடை அரிசி மாவிலும் வரும். காய்ந்த மாவு என்பதால் பால் கூடுதலாக இழுக்கும், கரைத்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால்தான் மாவு முழுக்க ஊறும். கரைத்த கையோடு சுட்டால் முறுக்கு கடிக்க முடியாமல் கல்லாக இருக்கும். இடியாப்ப மாவு என்று வறுத்து விற்பதை மட்டும் வாங்காதீர்கள்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு முந்திரிக்கொத்துதான் கை கொடுக்கும். அதில் முட்டையே கிடையாது. புது எண்ணெயில் முதலில் முந்திரிக்கொத்தைச் சுட்டு எடுத்து, அந்த வீடுகளின் பங்கைத் தனிச் சம்படத்தில் மூடி வைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் முட்டை மாவு அந்த எண்ணெயைத் தொட வேண்டும். பலர் பலகாரத்தைப் பிரிக்கிறார்கள், எண்ணெயைப் பிரிப்பதில்லை.

60 உருண்டைக்கு அளவு: பாசிப்பயறு அரைக் கிலோ, வெல்லம் 450 கிராம், அரை மூடித் தேங்காய்த் துருவல், எள் 50 கிராம், ஏலக்காய் ஆறு, சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி. பயறை வாசம் வரும்வரை சிவக்க வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்து, சுளகில் புடைத்துத் தோலை நீக்கி, பிறகு ரவையைவிடச் சற்று நைசாக அரைக்க வேண்டும். தேங்காயைச் சிறு தீயில் செந்நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். கையில் எடுத்தால் சருகு போல உதிர வேண்டும். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டால் நாலாம் நாள் சிக்கு வாடை வந்துவிடும்.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பதத்துக்குக் காய்ச்சவும். பதத்துக்கு முந்தி இறக்கிவிட்டால் உருண்டை கையில் பிசுபிசுக்கும், எண்ணெயில் வெடிக்கும். பதம் பிந்திவிட்டால் பிடிக்கும் முன்பே உதிரும். அப்படி உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் தெளித்துப் பிசைந்து, சூட்டோடு பிடித்துவிடலாம். முந்தியதற்கு வைத்தியம் இல்லை. வறுத்த பயற்று மாவு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒப்பேற்றலாம், இனிப்பு குறையும்.

பெரிய நெல்லிக்காய் அளவு பிடித்து, இரவு முழுக்கத் தட்டில் பரப்பி இறுக விட வேண்டும். மறுநாள் பச்சரிசி மாவு 200 கிராம், மைதா 50 கிராம், மஞ்சள் தூள் இரண்டு சிட்டிகை, உப்பு சேர்த்து பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து முக்கிச் சுடவும். மூன்று உருண்டையைச் சேர்த்துக் கொத்தாக விடுவதுதான் முறை. கொடிமுந்திரிக் குலை, அதாவது திராட்சைக் குலை போல இருப்பதால்தான் அந்தப் பேரே. ஆனால் வீட்டுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுப்பதாக இருந்தால் தனித்தனியாக விடுங்கள். மேல்மாவு நீர்த்துப் போனால் ஒரு பக்கம் திறந்து, வெல்லம் எண்ணெயில் இறங்கிக் கருகும். ஓர் உருண்டை திறந்தாலும் உடனே அரித்து எடுங்கள், விட்டால் அடுத்த ஈடு முழுக்க கறுப்புப் புள்ளி.

குழிவான சிறிய சட்டியாக எடுத்தால் ஒரு லிட்டர் எண்ணெயில் தொடங்கலாம், குறையக் குறைய ஊற்றிக்கொள்ள இன்னொரு லிட்டர். மொத்தச் செலவில் பெரிய பங்கு எண்ணெய்தான். அகலச் சட்டியில் ஊற்றினால் 2000 ரூபாய்க் கணக்கு உதைக்கும்.

பாளை_புதுவீடு:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கல்கல்லுக்கும் அளவு சொல்லுங்க. சீனிப் பாகு பூசினால் எல்லாம் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக் கட்டியாகிடுது. சீப்பில் உருட்டுவதா, ஃபோர்க்கிலா?

குமரிக்காரி:

வீட்டுக்கு 50 கிராம் கணக்கில் மைதா ஒரு கிலோ போதும். பொடித்த சீனி 100 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா இரண்டு சிட்டிகை கலந்து, 100 கிராம் வெண்ணெயையோ டால்டாவையோ நல்லாச் சூடாக்கி மாவு மேலே ஊற்றி விரலால் உதிர்க்கணும். ஒரு பிடி பிடிச்சால் கொழுக்கட்டை மாதிரி நிக்கணும். அப்புறம் முட்டை 2, தேங்காய்ப்பால் தெளிச்சுத் தெளிச்சுச் சேருங்க. சப்பாத்தி மாதிரி அடிச்சுப் பிசையாதீங்க. பிசையப் பிசைய மாவு இழுவை பிடிச்சு, சுட்டதும் பல்லை உடைக்கும். முட்டை இல்லாமலும் வரும், அதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் பால்.

புதுச் சீப்பு ஒண்ணை இதற்கென்றே தனியா வைங்க. கோலிக்குண்டில் பாதி அளவு மாவைச் சீப்பில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் வரி விழுந்து தானாகச் சுருளும். ஃபோர்க்கிலும் வரும், வரி அகலமாக இருக்கும், அவ்வளவுதான். சுருளின் ஓரத்தை அழுத்தி மூடாவிட்டால் எண்ணெயில் விரிஞ்சு சிப்பி மாதிரி ஆகிடும்.

சிறு தீயிலிருந்து நடுத் தீக்குள்ளேயே சுடுங்க. காய்ந்த எண்ணெயில் போட்டால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிக்கும். மறுநாள் நமத்துப் போறது மழையால் மட்டும் இல்லை, இதனாலும்தான்.

பாகுக்கு: சீனி 200 கிராம், தண்ணீர் 75 மில்லி. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் கெட்டி உருண்டையாகத் திரளணும். அடுப்பிலிருந்து இறக்கி, ஆறிய கல்கல்லைக் கொட்டி, பாகு வெளுத்துப் பொரிந்து உலரும்வரை கை விடாமல் கிளறணும். கட்டியாகிறதுக்குக் காரணம், பாகு பதம் வராதது, இல்லைன்னா பாதியில் கிளறலை நிறுத்தினது. ஒரேயடியா ஒரு கிலோ மாவுக் கல்கல்லையும் கொட்டாதீங்க. பாகைப் பாதி பாதியாக் காய்ச்சி இரண்டு ஈடாகப் பூசுங்க.

சிரட்டை:

பிள்ளைகளுக்கான பரிசைப் பற்றி யாரும் பேசவில்லையே. தேங்காய்ப்பாலுக்கு உடைக்கிற சிரட்டையைத் தூக்கிப் போடாதீங்க, அதிலேயே மெழுகுவர்த்தி வார்க்கலாம்.

கண் இல்லாத பாதிதான் வேணும். கண்ணுள்ள பாதியில் மெழுகு ஒழுகும். பலகாரத்துக்கு நாலு தேங்காய்தான் ஆகும் என்பதால் இப்போதிருந்தே சமையலுக்கு உடைக்கிறதையும் பக்கத்து வீட்டுச் சிரட்டையையும் சேர்த்து வைங்க. நாரைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்ச்சு, கடைசியா ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் மினுமினுக்கும். உருளாமல் நிற்க, அடியில் பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றை ஒட்டினால் போதும்.

உள்ளே அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்க. மெழுகு தீர்ந்து திரி அடிவரை எரிந்தால் சிரட்டையே பற்றிக்கொள்ளும், அதற்காகத்தான் இது. திரிக்கு விளக்குத் திரி நூலை மூணு புரியாக முறுக்கி, உருகிய மெழுகில் முக்கி நேராகக் காயவைங்க. மேலே ஒரு ஈர்க்கைக் குறுக்கே வைத்து அதில் கட்டினால் நடுவில் நிற்கும். ஓரமாகச் சாய்ஞ்சா அந்தப் பக்கம் சிரட்டை கருகும்.

சிரட்டைக்கு 80 முதல் 100 கிராம் பாரஃபின் மெழுகு பிடிக்கும். மெழுகை நேரா அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் சின்னப் பாத்திரம் வைத்து உருக்குங்க. ஆறும்போது நடுவில் குழி விழும், மெழுகு சுருங்குறதால் அப்படி. அதனால் எட்டில் ஒரு பங்கை எடுத்து வைத்து, குழி விழுந்த பிறகு இரண்டாவது தடவை ஊற்றி மட்டம் பண்ணணும். நிறத்துக்குக் கிரேயான் போடலாம் என்பார்கள். வேண்டாம், அதன் நிறமி திரியை அடைத்து விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியும். வெள்ளையே சிரட்டைக்கு எடுப்பா இருக்கும். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் வீட்டுப் பெரியவங்க கையில் கொடுங்க.

பாளை_புதுவீடு:

சிரட்டை நல்ல யோசனை! கடைசிக் கேள்வி: என்றைக்கு எதைச் சுடணும், எப்படிக் கட்டணும்?

எண்ணெய்ச்சட்டி:

18ஆம் தேதி முந்திரிக்கொத்துக்கு உருண்டை, 19 காலையில் அதைச் சுட்டு, அதே எண்ணெயில் மதியம் கல்கல். 21, 22இல் அச்சு முறுக்கு. 23 மாலை கவரில் போடுவது. அச்சு முறுக்குதான் ஈரத்தை முதலில் இழுக்கும், அதனால் கடைசி.

சுட்டதைப் புறங்கையில் தொட்டால் சூடு தெரியாத வரை ஆறவிட்டு உடனே சம்படத்தில் போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வியர்க்கும். மழை நாளில் மணிக்கணக்காகத் திறந்து கிடந்தாலும் அதே கதைதான். நமத்தால் வெறும் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அச்சு முறுக்கைப் பரப்பி ஐந்து நிமிடம் மூடாமல் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.

மூன்றையும் ஒரே கவரில் போடாதீர்கள். வெல்லத்தில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஒரே இரவில் அச்சு முறுக்கு அதை உறிஞ்சிவிடும். முந்திரிக்கொத்து தனி. கசக்கினால் சரசரவென்று சத்தம் போடும் கவரை வாங்குங்கள். வாயை மடித்து, இரும்பு அறுக்கும் ரம்பத் தகட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவு நீட்டி, மெழுகுவர்த்திச் சுடரின் ஓரமாக வேகமாக ஒரு இழுப்பு. விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும். நின்றால் ஓட்டை விழும், முதலில் நாலு காலிக் கவரில் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் ஓலைக்கொட்டான் கிடைக்குமே, கவர்களை அதில் வைத்துக் கொடுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஓலையில் காற்று புகும் என்பதால் கவர் இல்லாமல் வெறுமனே போட வேண்டாம். எவர்சில்வர் தட்டில் மட்டும் வைத்துக் கொடுத்தனுப்பாதீர்கள். 30 தட்டும் திரும்பி வரப் பொங்கலாகிவிடும்.