தாராசுரம் சிற்பங்களுக்கு எந்த லென்ஸ்? எடுத்த படங்களை எங்கே வைப்பது?

கேள்வி: அரிசிலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். கேனான் 200டி கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும் என்னிடம் உள்ளன. லென்ஸ் எஃப் 4 முதல் 5.6 வரையிலானது (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது), கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐ.எஸ். வசதி உண்டு. விடுமுறை நாள்களில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குச் சென்று, ராஜகம்பீரன் திருமண்டபத் தூண்களில் உள்ள சிறு சிற்பங்களையும், கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் நாயன்மார் கதைக் காட்சிகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வருகிறேன்.

மண்டபத்துக்குள் 55 மி.மீ.இல் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 1600 என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/15 நொடிக்கு இறங்கிவிடுகிறது. படங்களில் பாதி மங்கலாக வருகின்றன. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா? என் மகள் பரதநாட்டியம் பயில்கிறாள். அவளுடைய நிகழ்ச்சிகளையும் எடுக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. படங்கள் அனைத்தும் ஒரே ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. லேப்டாப்பில் இடமில்லாததால் மெமரி கார்டிலிருந்து நேராக அதற்கு ‘கட்’ செய்து மாற்றிவிடுகிறேன். நல்ல படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன் என்பதால் அவை அங்கேயும் இருக்கும் என்ற தைரியம். கூகுள் கணக்கு நிரம்பிவிட்டதாக அறிவிப்பு வருகிறது. லென்ஸுக்கும் சேமிப்புக்கும் சேர்த்து என்னால் செலவிடக்கூடியது 20,000 ரூபாய். எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில் 1: கல்லும் ஒளியும்

சகோதரி, கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. எஃப் 5.6இலிருந்து எஃப் 1.8க்குப் போனால் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். உங்கள் 1/15 நொடி, அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/150 அளவுக்கு உயரும். கணக்கு சரிதான். ஆனால் அந்தத் துளையைச் சிற்பத்துக்கு உங்களால் பயன்படுத்த முடியுமா என்பதை அவர் சொல்லவில்லை. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் உங்கள் கேமராவில் 3 செ.மீ.கூட இராது. அரை மீட்டருக்கு நெருங்கினால் அது ஒரு செ.மீ.க்கும் கீழே போய்விடும். புடைப்புச் சிற்பத்தில் மூக்கு துல்லியமாகவும் காதணி கரைந்தும் போன படம் பார்க்க அழகாக இருக்கலாம். பதிவு என்ற வகையில் அதனால் பயனில்லை. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் புகழ்பெற்ற சிற்பத்தை எடுத்துப் பாருங்கள். கொம்பும் தந்தமும் உடலின் வளைவும் ஒருசேரத் தெரிந்தால்தான் சிற்பியின் விளையாட்டே புரியும். அதற்கு எஃப் 8 வேண்டும். எஃப் 8 வைத்தபின் விலை உயர்ந்த லென்ஸும் உங்கள் பழைய லென்ஸும் உள்ளே விடும் ஒளி ஏறக்குறைய ஒன்றுதான்.

மேலும் 50 மி.மீ. எஸ்.டி.எம். (கேனானின் ஒரு ஃபோகஸ் மோட்டார் வகை) லென்ஸில் ஐ.எஸ். கிடையாது, உங்களிடம் உள்ளதில் இருக்கிறது. கல் அசைவதில்லை, அசைவது நம் கை மட்டுமே. கை நடுக்கத்தைத்தான் ஐ.எஸ். சமாளிக்கும். ஆகவே எஃப் 8, 1/8 நொடி என்று வைத்து, தோளைத் தூணுக்கு எதிரே உள்ள சுவரிலோ இன்னொரு தூணிலோ சாய்த்துக்கொண்டு, மூச்சை விட்ட நிலையில் தொடர் படமாக மூன்று நான்கு எடுங்கள். பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் கேமரா சற்று ஆடுகிறது. நடுவில் விழும் படம் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். டிரைபாட் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கோயில்களில் அதற்கு முன்அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

நெருங்கி எடுப்பதிலும் உங்கள் லென்ஸே முன்னால் நிற்கிறது. சென்சாரிலிருந்து அளந்தால் அது 25 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும், 50 மி.மீ. லென்ஸுக்குக் குறைந்தபட்சம் 35 செ.மீ. வேண்டும். சாண் உயரமில்லாத சிற்பங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

ஒளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேமராவின் மேலுள்ள ஃபிளாஷ் நேராக அடித்துப் புடைப்பைத் தட்டையாக்கிவிடும். காலையிலும் மாலையிலும் மண்டபத்துக்குள் பக்கவாட்டில் நுழையும் வெயில், நகத்தின் விளிம்பைக்கூட நிழல் போட்டுக் காட்டும். லென்ஸுக்குச் செலவிடும் முன் ஒரு தூணுக்கு எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மகளின் நடனத்துக்கு மட்டும் என் பதில் தலைகீழ். ஆடுபவரின் கையை உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும், அங்கே ஐ.எஸ். எந்த உதவியும் செய்யாது. எஃப் 5.6இல் 1/25 நொடி கிடைக்கும் அரங்கில், எஃப் 1.8 வைத்தால் 1/250 கிடைக்கும். 200டியில் 50 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சார் கொண்ட முழுச் சட்டகக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவின் 80 மி.மீ. கோணத்தைத் தருவதால் முன்வரிசையில் உட்கார்ந்து எடுக்கப் பொருத்தமானது. ஆக, அந்த லென்ஸை நடனத்துக்காக வாங்குங்கள், சிற்பத்துக்காக வேண்டாம்.

பதில் 2: கோபுர நிழல்

மேலே உள்ளவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் சிற்பத்துக்குப் புதிய லென்ஸே தேவையில்லை என்பது கைக்கெட்டும் உயரத்தில் இருப்பவற்றுக்கு மட்டும் பொருந்தும். விமானத்தின் மேல்தளங்களில் உள்ள உருவங்களை 55 மி.மீ.இல் எடுத்தால், எடுத்த பிறகு வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருக்கும். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் உருவங்கள் மேல்நோக்கிக் குறுகிவிடும். கேனான் 55-250 மி.மீ. ஐ.எஸ். எஸ்.டி.எம். இதற்கு ஏற்றது. பிராகாரத்தின் ஓரத்துக்குப் பின்வாங்கி நின்று எடுக்கலாம். 85 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆவதால், கம்பித் தடுப்புக்கு அப்பால் உள்ள சிறு சிற்பங்களுக்கும் பயன்படும். வெளியே நல்ல வெயில் இருப்பதால் துளை சிறியது என்பது குறையாகத் தெரியாது.

எதை வாங்கினாலும் பெட்டியில் உங்கள் கேமராவில் பொருந்தும் வகைகளான இ.எஃப். அல்லது இ.எஃப்-எஸ். என்று இருக்கிறதா என்று பாருங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்காக 2018இல் வந்த ஆர்.எஃப். வகை லென்ஸ் உங்கள் கேமராவில் பொருந்தாது. நாளைக்கு நீங்கள் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால், இப்போது வாங்கும் இ.எஃப். லென்ஸை அடாப்டர் போட்டு ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம்.

பதில் 3: இரண்டாம் பிரதி

லென்ஸைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைகொள்ளச் செய்தது கடைசிப் பத்திதான். அந்த 1 டிபி டிஸ்க் ஒரு நாள் கீழே விழுந்தால், இத்தனை நாள் பதிவும் போயிற்று. ஆகவே 20,000 ரூபாயில் முதல் செலவு இன்னொரு ஹார்ட் டிஸ்க். இதற்குப் பின் மிஞ்சும் தொகைக்குத்தான் லென்ஸ்.

வாட்ஸ்அப் குழுவைப் பிரதியாக எண்ணாதீர்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடுகிறது. எந்த நாளில், எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தது போன்ற விவரங்களும் நீங்கிவிடுகின்றன. கட்டாயம் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். கூகுள் ஃபோட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகச் சேமித்த காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போதைய 15 ஜிபி உங்கள் மின்னஞ்சலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பைத் தேர்ந்திருந்தால், உங்கள் 24 மெகாபிக்சல் படம் 16 மெகாபிக்சலாகக் குறைக்கப்பட்டுச் சேமிக்கப்படும் என்பதையும் கவனியுங்கள். கைபேசியிலிருந்து அழித்தால் அங்கிருந்தும் அழிந்துபோகக்கூடிய ஒத்திசைவை நான் பேக்கப் என்று சொல்ல மாட்டேன்.

உலகெங்கும் சொல்லப்படும் 3-2-1 விதி உங்களுக்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். இந்தத் தொகையில் மூன்றையும் முழுமையாகச் செய்ய முடியாது. ஆனால் ‘வேறு இடம்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது, ஒரே அலமாரியில் இருந்த இரண்டு டிஸ்க்குகளும் சேர்ந்தேதான் நனைந்தன. புதிய டிஸ்க்கை வீட்டில் வைத்துக்கொண்டு, பழையதை அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்துவிட்டு, பண்டிகைக்குப் போகும்போதெல்லாம் புதுப்பித்து வாருங்கள். மிகச் சிறந்தவை என்று நீங்கள் தேர்ந்த ஓராயிரம் படங்களின் ஜேபெக் வடிவம் சுமார் 10 ஜிபிக்குள் அடங்கும். அதை மட்டும் இணையச் சேமிப்பில் மூலத் தரத்திலேயே ஏற்றுங்கள்.

‘கட்’ செய்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாற்றும் நடுவில் கேபிள் கழன்றால் படம் இங்கும் அங்கும் இல்லாமல் போகக்கூடும். நகல் எடுங்கள், இரண்டு டிஸ்க்கிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள், பிறகே கார்டைக் கேமராவுக்குள் வைத்து ஃபார்மேட் செய்யுங்கள். கோப்புறைக்கு ‘2024-12-14 தாராசுரம் வடக்குச் சுவர்’ என்பதுபோல் ஆண்டை முதலில் வைத்துப் பெயரிட்டால், கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். இரு டிஸ்க்குகளையும் ஒப்பிட்டு நகலெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ‘மிரர்’ என்ற முறையைத் தேர்ந்தால், மூல டிஸ்க்கில் தவறி அழித்தது மறு டிஸ்க்கிலும் அழியும். ‘அப்டேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அரிசிலாற்றங்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. எஃப் 8, 1/8 நொடி முறையை இன்று காலை வீட்டுத் திண்ணைத் தூணில் வைத்துப் பார்த்தேன். நான்கில் ஒன்றாவது தெளிவாக வருகிறது. முதலில் 2 டிபி டிஸ்க், அதன்பின் மகளுக்காக 50 மி.மீ. என்று முடிவு செய்திருக்கிறேன். 55-250 லென்ஸைப் பழையதாக வாங்கலாமா? எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் துணிகளே பூத்துப்போகின்றன என்பதால் பழைய லென்ஸ் என்றால் பயமாக இருக்கிறது. டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிப்பது) வாங்கலாமா, ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவம்) எடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 4: கோபுர நிழல்

தாராளமாக வாங்கலாம், ஆனால் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து கைபேசி விளக்கை அடித்து முன்பக்கம் வழியாகச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சில தூசிகள் தெரிந்தால் கவலையில்லை. சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். பிறகு உங்கள் கேமராவில் மாட்டி, செங்கல் சுவருக்கு நேராக நின்று எஃப் 5.6இல் ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால், லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். ஐ.எஸ்.ஐ அணைத்தும் இயக்கியும் மெதுவான ஷட்டரில் எடுத்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

வீட்டில் வைக்க, ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறிய ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல் ஆகியவை போதும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். கேமராப் பையிலேயே மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்குவதானால் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது.

பதில் 5: இரண்டாம் பிரதி

எஸ்.எஸ்.டி. வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் அலமாரியில் கிடப்பதற்கு அது ஏற்றதல்ல. உள்ளே உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் விரைவாக. அக்கா வீட்டில் தூங்கப்போகும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்கே நல்லது, விலையும் குறைவு. நீங்கள் விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துவதானால் புதிய டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ‘இஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ஃபேட் என்ற மற்றொரு முறையைவிடச் சற்று அதிகமாகத் தாங்கும்.

மண்டபத்துக்குள் ரா கோப்பிலேயே எடுங்கள். இருண்ட தூணும் வெயில் விழும் வாயிலும் ஒரே படத்தில் வரும்போது, நிழலில் உள்ள விவரத்தை ஜேபெக்கிலிருந்து இந்த அளவுக்கு மீட்க முடியாது. ஒரு கோப்பு 30 எம்.பி. என்று வைத்தாலும் 2 டிபியில் 60,000 படங்களுக்கு மேல் அடங்கும். திருத்துவதற்கு டார்க்டேபிள் இலவசமாகக் கிடைக்கிறது. அது உருவாக்கும் எக்ஸ்.எம்.பி. என்ற சிறு கோப்புகளில்தான் உங்கள் திருத்தங்கள் இருக்கும் என்பதால், படங்களோடு அவற்றையும் நகலெடுக்க வேண்டும். நடன நிகழ்ச்சிக்கு ஜேபெக் போதும். அன்று இரவே உறவினர்கள் கேட்பார்கள்.

புதிய மெமரி கார்டு வாங்கினால், படம் எடுக்கும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் கார்டை முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 ஜிபி என்று அச்சிட்டு 16 ஜிபி மட்டுமே உள்ள போலிகள் சந்தையில் உண்டு. அவை நிரம்பும் வரை ஒழுங்காக நடந்துகொண்டு, அதன்பின் எடுக்கும் படங்களை ஓசையில்லாமல் விழுங்கிவிடும். 200டியில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும் என்பதால், இந்தச் சோதனைக்குச் செலவாகும் நேரத்தைப் பார்க்காதீர்கள்.