மறு: மறு: பாட்டோட 'கீ'-க்குத் தமிழ்ல என்ன சொல்றது?

காரைக்குடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணி முகூர்த்தம் தொடங்குறதுக்குள்ள நம்ம பக்கத்து சவுண்ட் சர்வீஸ் பசங்களுக்கு டிஜே வகுப்பு எடுக்குறேன், பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பீட் சேக்குறது வரைக்கும் எழுதியாச்சு, தாளம் வேகம்னு சொன்னா பசங்களுக்குப் புரிஞ்சிருது. ஹார்மோனிக் மிக்ஸிங்ல, அதாவது கீ ஒத்துப்போற பாட்டா பாத்துக் கலக்குறதுல, வந்து நின்னு போச்சு. ஏ மைனர் பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போது மேல இ மைனர் பாட்ட ஏத்துனா ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் போகும், அதே இடத்துல பி ஃப்ளாட் மைனர ஏத்துனா அரைச்சுரம் இடிச்சு, பந்தியில உக்காந்திருக்கவங்க கூட நிமிந்து பாப்பாங்க. பாட்டு எந்தச் சுரத்துல நிக்குது, மேஜரா மைனராங்கற 'கீ'-க்கு ஒரு சொல்லு, கீ பாத்து கலக்குறதுக்கு ஒரு சொல்லு, ரெண்டு வேணும்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, சொல்லு நம்மகிட்டயே இருக்கு. சிலப்பதிகாரம் வேனிற்காதையில மாதவி யாழ் வாசிக்கிற இடத்துல "இணை கிளை பகை நட்பு" நாலையும் சொல்லி "இசைபுணர் குறிநிலை"ன்னு வரும். கிளைன்னா அஞ்சாம் நரம்பு, நட்புன்னா நாலாம் நரம்பு. இப்ப எந்தக் கீ எதோட ஒட்டும்னு டிஜேக்கள் பாக்குற உங்க கேம்லாட் சக்கரத்த எடுத்து வைங்க. 12 வீடு, வீட்டு நம்பருக்குப் பின்னால ஏ வந்தா மைனர், பி வந்தா மேஜர். ஏ மைனர் 8ஏ. ஒரு வீடு முன்னால 9ஏ, அது இ மைனர், ஏ-லேர்ந்து அஞ்சாவது, அதான் கிளை. ஒரு வீடு பின்னால 7ஏ, டி மைனர், நாலாவது, அதான் நட்பு. டிஜே இன்னைக்கு எந்த ரெண்டு பக்கம் நகரலாம்னு சொல்றாரோ அந்த ரெண்டுக்கும் இளங்கோவடிகள்கிட்ட பேரு இருக்கு. வட்டப்பாலையும் 12 இராசி வீட்டுல நரம்ப நிறுத்துற வட்டம்தான், ஆபிரகாம் பண்டிதர் 1917லயும் விபுலானந்த அடிகள் 1947லயும் அத விரிச்சு எழுதியிருக்காங்க. பாலைன்னா பழைய தமிழ் இசையில சுரவரிசை, அதனால கீ = பாலைநிலை. ஹார்மோனிக் மிக்ஸிங் = இசைபுணர்ப்பு. செம்பாலைங்கற பழைய பாலை இன்னைக்கு அரிகாம்போதி ராகமா சங்கராபரணமாங்கற வழக்குக்கு நான் இப்ப வரல, ஆனா என் கட்சி என்னன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா, கிளை நட்பு ரெண்டும் படிச்சதும் புல்லரிச்சுது, பாடத்துல கண்டிப்பா போடணும். ஆனா இசைபுணர்ப்பு வேண்டாம்யா, இருபது வயசுப் பசங்க முன்னாடி அந்தச் சொல்ல வச்சா அன்னைக்குப் பாடம் அதோட போச்சு. பாலைநிலைன்னா பொட்டல்காடுன்னு நினைப்பாங்க. நான் கல்யாண வீடுகள்ல லேப்டாப்போட நிக்கிறவன், எங்களுக்குள்ள ஸ்கேல்னுதான் பேசிக்குவோம், பாட வர்ற அண்ணன்மாருங்க 'அஞ்சரை கட்டை'ம்பாங்க. ஹார்மோனியத்துல விரல் வைக்கிற துண்டு கட்டை, சுரம் நிக்கிற இடமும் கட்டை. இங்கிலீஷ்லயும் அது ரெண்டுக்கும் கீதானே? சி மேஜர ஒண்ணு கட்டை மேஜர், ஏ மைனர ஆறு கட்டை மைனர்னு சொல்லிட்டுப் போயிரலாம், யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து:

வீணை சொல்லிக்கொடுக்குறவங்கற முறையில ஒண்ணு சொல்லணும். கட்டை ஸா எங்க நிக்குதுன்னு மட்டுந்தான் சொல்லும். அதே அஞ்சரை கட்டையில கல்யாணியும் பாடலாம் தோடியும் பாடலாம். தம்பி கேக்குற கீயில நிக்கிற இடமும் இருக்கு, அங்கேர்ந்து சுரம் எப்படிப் போகுதுங்கறதும் இருக்கு. இன்னொரு சங்கடம், ஏ மைனர் கட்டையில ஆறு, சக்கரத்துல எட்டு. பையன் 'ஆறு'ன்னு கேட்டுட்டு 6ஏ-க்குப் போனா அது ஜி மைனர், அதாவது அஞ்சு கட்டை. இருட்டுல, ஜெனரேட்டர் சத்தத்துல இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

சாஃப்ட்வேர் சொல்ற கீயையும் பசங்க அப்படியே நம்பக்கூடாதுன்னு எழுதுங்க. பாட்டுல 12 சுரத்துல எது எவ்வளவு ஒலிக்குதுன்னு கூட்டிப் பாத்து, மேஜர் அச்சு மைனர் அச்சு ரெண்டுல எதுக்குக் கிட்ட வருதோ அதச் சொல்லுது. நாதஸ்வரத்துல மாயாமாளவகௌளை வாசிச்சா ரெண்டு அச்சுலயும் உக்காராது, ஆனா திரையில எதையோ ஒண்ணக் காட்டிரும். 8ஏ-வ 8பி-ன்னு சொல்றதும் உண்டு, ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் ஒரே ஏழு சுரந்தான. பழைய பாட்டுன்னா டேப் வேகத்தால சுரமே ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்கும். சுருதிப்பெட்டிய வச்சுக்கிட்டு பாட்டு எங்க வந்து இளைப்பாறுதுன்னு காதால பிடிக்கச் சொல்லுங்க, கொஞ்ச நாள்ல வந்திரும்.

சொல்லுக்கு வர்றேன். நம்ம நகரத்தார் கல்யாணத்துல இசைகுடிமானம்னு கல்யாணப் பதிவு எழுதுறோமே, அதுல இசைங்கறது பாட்டு இல்ல, ரெண்டு வீடும் இசைஞ்சு வந்தது. ரெண்டு பாட்டு சேர்றதுக்கும் அதே சொல்லு போதும்: இசைவுக் கலவை. கீ-க்கு சுதிநிலை.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, இசைவுக் கலவைய ஒத்துக்கிறேன், புணர்ச்சி விதிய பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைங்க புணர்ப்புக்கு ஏன் கூச்சப்படணும்னு எனக்குப் புரியலன்னாலும். ஆனா சுதி சுருதியோட சிதைவு, வடசொல். ராஜா அண்ணாமலைச் செட்டியார் பிறந்த கானாடுகாத்தான்லேர்ந்து இந்தச் சொல்லு வரலாமா? 1943ல அவரு முன்னின்ன தமிழ் இசைச் சங்கம் எதுக்கு வந்துச்சு?

கானாடுகாத்தானிலிருந்து:

மேடையில தமிழ்ப் பாட்டு பாடணும்னு வந்துச்சு ஐயா. பாடுறவங்க வாயில இருக்குற சொல்ல மாத்தணும்னு வரல. கரகாட்டத்துக்கு நாயனம் வாசிக்கிறவர் "சுதி சேத்துக்க"ன்னுதான் சொல்றாரு, அவரு யார்கிட்ட வடமொழி படிச்சாரு?

பள்ளத்தூரிலிருந்து:

சுதிநிலைன்னா எங்க பசங்க பிடிச்சுக்குவாங்க. எனக்குக் கட்டைதான் பிடிக்கும், ஆனா ஆச்சி சொன்ன ஆறு எட்டு சங்கடம் நெசந்தான்.

காரைக்குடியிலிருந்து:

நேரமில்ல, இப்படியே அனுப்புறேன். கீ சுதிநிலை, ஹார்மோனிக் மிக்ஸிங் இசைவுக் கலவை, சக்கரத்துல முன்வீடு கிளை பின்வீடு நட்பு. மேஜர் மைனர் அப்படியே இருக்கட்டும். கட்டைக்கு ஒரு அட்டவணை பின்னால போடுறேன், அரைக் கட்டையெல்லாம் சேத்து. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. வேகத்த 6 சதவீதம் போல ஏத்துனா, அதாவது நிமிசத்துக்கு 100 தட்டுல ஓடுற பாட்ட 106க்குக் கொண்டு போனா, பாட்டு அரைச்சுரம் மேல போயிருது, பாத்து வச்ச சுதிநிலையெல்லாம் வீணாப் போயிரும். அப்படி நகராமப் பிடிச்சு வைக்கிற பட்டன் 'கீ லாக்'. அதுக்கு சுதிப்பூட்டுன்னு போட்டுட்டேன், யாருக்காவது மறுப்பு இருக்கா?

தேவகோட்டையிலிருந்து:

பூட்டு சரி. சுதி சரியில்ல. என் மறுப்ப அடிக்குறிப்பாப் போடுங்க, பாலைநிலைங்கற சொல்லோட.