பீரோ பட்டறை வச்சுக்கிட்டு சென்ட்ரல் கவர்மென்ட் டெண்டர் போடலாமா? சின்ன யூனிட்டுக்கு சலுகைன்னு சொல்றதெல்லாம் நெசமா?

பட்டறைக்காரன்_மதுரை

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. மதுரைல ஸ்டீல் பீரோ பட்டறை, அப்பா ஆரம்பிச்சது, இப்ப நானும் தம்பியும் பாக்குறோம், ஒம்பது பேர் வேலை. வருசத்துக்கு 80 லட்சம் போல டர்ன்ஓவர். இதுவரைக்கும் ஃபர்னிச்சர் கடைக்குத்தான் சப்ளை, ஆனா கடைக்காரங்க இப்ப மூணு மாசக் கடன் கேக்குறாங்க, கல்யாண சீசன் விட்டா பீரோ நகர மாட்டேங்குது.

போன வாரம் பிளைவுட் கடை நண்பர் ஒருத்தர் போன்ல ஒரு பிட் (விலை கேட்டு வர்ற டெண்டர்) காமிச்சாரு. அரசு ஆபீசுங்க ஆன்லைன்ல பொருள் வாங்குற ஜெம் போர்ட்டல்ல வந்தது, ஒரு மத்திய அரசு ஆபீசுக்கு 120 ஸ்டீல் அலமாரி. பாத்ததும் ஆசை வந்துருச்சு, ஆனா உள்ள படிச்சா இஎம்டி (டெண்டர் போடும்போதே கட்டுற முன்பணம்) கட்டணும், மூணு வருச அனுபவம் வேணும், இவ்ளோ டர்ன்ஓவர் வேணும்னு பெரிய லிஸ்ட். அவரு சொல்றாரு, "நீ சின்ன யூனிட்டுடா, உனக்கு இதெல்லாம் கெடையாது, விலையக்கூட 15 பர்சென்ட் ஏத்திப் போடலாம், உனக்குத்தான் குடுப்பாங்க"ன்னு. அப்படி யாராச்சும் சும்மா தூக்கிக் குடுப்பாங்களா? சின்ன தொழிலுக்கு அரசு பதிவான உத்யம் சர்டிபிகேட் இருக்கு, பேங்க் லோனுக்காக 2021ல எடுத்தது. அதத் தவிர ஒண்ணும் தெரியாது. பணம் ஒழுங்கா வருமாங்கறதுதான் பெரிய பயம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்கண்ணே.

துவாக்குடி_வெல்டர்

தம்பி, நண்பர் சொன்னது பாதி சரி, அந்த மீதிப் பாதிலதான் நம்ம ஆளுங்க பல பேர் கைய சுட்டுக்கிறாங்க.

2012ல மத்திய அரசு ஒரு கொள்முதல் கொள்கை கொண்டு வந்துச்சு, 2015 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம். மத்திய அமைச்சகம், துறை, பொதுத்துறை நிறுவனம் எல்லாம் வருசத்துல வாங்குற பொருள், சேவைல 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்ககிட்ட இருந்து வாங்கணும். முதல்ல 20ஆ இருந்தது, 2019 ஏப்ரல்ல இருந்து 25. மீடியம் கம்பெனிக்கு இது கெடையாது, குறுவும் சிறுவும் மட்டும்தான். உங்க 80 லட்சத்துக்கு நீங்க குறு, 2025 ஏப்ரல்ல இருந்து 10 கோடி டர்ன்ஓவர் வரைக்கும் குறுதான், அதனால அத நெனச்சு கவலைப்பட வேண்டியதில்ல.

இஎம்டி உங்களுக்குக் கெடையாது, டெண்டர் பாரத்துக்கும் காசு கெடையாது. நாலு டெண்டர் ஒரே நேரத்துல போடும்போதுதான் இதோட அருமை தெரியும், இல்லன்னா நம்ம பணம் பூரா இஎம்டிலயே முடங்கிக் கெடக்கும். ஆனா வேலை கெடச்சதுக்கு அப்பறம் கட்டுற பெர்ஃபாமன்ஸ் செக்யூரிட்டி இருக்கு பாருங்க, அதுக்கு விலக்கு இல்ல. பொதுவா 3லிருந்து 5 சதவீதம் கேப்பாங்க, பேங்க் கேரன்டி எடுக்கப் போனா நம்மளப் போல ஆளுக்கு முழுத் தொகைக்கும் எஃப்டி போடுன்னு மேனேஜர் சொல்லுவாரு. இத மொதல்லயே கணக்குல வச்சுக்கங்க.

அனுபவமும் டர்ன்ஓவரும் தளர்த்தலாம்னுதான் இருக்கு, தளர்த்தியே ஆகணும்னு இல்ல. ஜெம் பிட் டாக்குமென்ட்ல முதல் பக்கத்துலயே எம்எஸ்இக்கு, அதாவது குறு, சிறு நிறுவனத்துக்கு, அனுபவ விலக்கு, டர்ன்ஓவர் விலக்குன்னு ஒரு வரி வரும், எதிர்ல "ஆமா" இல்லாட்டி "இல்லை"ன்னு இருக்கும். அந்த வரிய மொதல்ல பாருங்க. இல்லைன்னு இருந்தா பிட் வந்த சில நாளுக்குள்ள போர்ட்டல்லயே ஏன் இல்லன்னு கேள்வி போடலாம், எனக்கு ஒரு தடவை மாத்திக் குடுத்தாங்க, ரெண்டு தடவை பதிலே வரல.

இப்ப அந்த 15 பர்சென்ட் கதை. ஏத்திப் போட்டா ஏத்தின விலை கெடைக்கும்னு நெனைக்காதீங்க. போன வருசம் எனக்கு நடந்தத சொல்றேன். பைப் சப்போர்ட் 400 நம்பர், எல்1, அதாவது இருக்கிறதுலயே கொறஞ்ச விலை போட்டு வந்தது ஒரு பெரிய கம்பெனி, 100 ரூபான்னு வச்சுக்கங்க. நான் போட்டது 112. 115க்குள்ள இருந்ததால என்னைக் கூப்ட்டு 100 ரூபாய்க்கு ஒத்துக்குறியான்னு கேட்டாங்க, ஒத்துக்கிட்டேன், 400ல 25 சதவீதம், அதாவது 100 நம்பர் எனக்கு, மீதி பெரிய கம்பெனிக்கு. பிரிச்சுக் குடுக்க முடியாத ஐட்டமா இருந்தா மொத்தமும் நம்மளுக்கே குடுக்கலாம். எனக்கு அடக்கம் 97. மிச்சம் எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கங்க. சலுகை வேலைய வாங்கிக் குடுக்கும், லாபத்தக் குடுக்காது. உங்க அலமாரிக்கும் இதே கணக்குதான், எல்1 விலைக்கு எறங்க முடியுமான்னு பாத்துட்டு போடுங்க.

கணக்குப்புள்ள_கோவை

வெல்டர் அண்ணன் சொன்னதெல்லாம் சரிங்ணா, கடைசி வரில மட்டும் ஒரு திருத்தம். குறு, சிறு நிறுவனங்ககிட்ட மட்டும்தான் வாங்கணும்னு 358 பொருள் ஒதுக்கி வச்சிருக்காங்க, அதுல ஸ்டீல் அலமாரி இருக்குது. ஸ்டீல் சேர், ஸ்டீல் டெஸ்க்கும் இருக்குது. மத்திய அரசு டெண்டர்னா அதுல பெரிய கம்பெனி வரவே கூடாது. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, போட்டி போடுற எல்லாருமே எம்எஸ்இன்னா அந்த 15 சதவீத பேண்டுக்கு அர்த்தமே இல்லீங்களே. எல்1ஏ ஒரு எம்எஸ்இதான், அவரோட கதை முடிஞ்சுது. உங்களுக்குப் போட்டி உங்களாட்டம் இன்னும் நாப்பது பட்டறைங்க, அதுல வாடகை இல்லாத எடத்துல நடத்துறவங்களும் இருப்பாங்க.

அப்பறம் அந்த உத்யம் சர்டிபிகேட்ட எடுத்து ஒரு தடவை நல்லா பாருங்க. லோனுக்காக அவசரத்துல எடுத்தவங்க நெறைய பேருக்கு மெயின் ஆக்டிவிட்டி டிரேடிங்னு விழுந்திருக்கும். டிரேடருக்கு இந்தக் கொள்கைல ஒண்ணுமே கெடையாதுங்க, 2021 ஜூலைல டிரேடருங்கள உத்யம்ல சேத்துக்கிட்டதே பேங்க் கடனுக்கு மட்டும்தான். போன மாசம் என்கிட்ட வந்த ஒருத்தர், சொந்தமா லேத் வச்சிருக்காரு, சர்டிபிகேட்ல மொத்த வியாபாரம்னு இருக்குது, ஏழு பிட்ல தொடர்ந்து தள்ளுபடி, ஏன்னே தெரியாம உக்காந்திருந்தாரு. என்ஐசி கோடு (என்ன தொழில்னு காட்டுற நம்பர்) ஃபர்னிச்சர் தயாரிப்புக்கானதா இருக்கணும், ஜெம்லயும் அந்தப் பொருளுக்கு நீங்கதான் தயாரிப்பாளர்னு காட்டிருக்கணும். வேற எடத்துல ரெடிமேடா வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தா சலுகை இல்ல, மாட்டினா பிளாக்லிஸ்ட்தான்.

திருத்தம் செய்ய காசு கெடையாதுங்க. உத்யம் முழுக்க இலவசம், ஆதார் பான் போதும். அசல் சைட்டாட்டமே முகப்பு வச்சு ரெண்டாயிரம் மூவாயிரம்னு வாங்குற சைட்டுங்க இருக்குது, கூகுள்ல தேடுனா மொதல்ல அதுதான் வரும், பாத்துக்கங்க. பிட் போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சரி பண்ணிருங்க, போட்டதுக்கு அப்பறம் மாத்துனா செல்லாது.

நெல்லை_ஃபர்னிச்சர்

நானும் அலமாரிதான், ஜெம்ல நாலு வருசமா ஓட்டிட்டிருக்கேன், அதனால சட்டம் எல்லாம் விட்டுட்டு நடைமுறைய சொல்றேன்.

விலை போடும்போது ஜிஎஸ்டி, வண்டி வாடகை, எறக்குகூலி எல்லாம் சேத்த விலைதான் போடணும். கடைக்கு பட்டறை வாசல் விலை சொல்லி பழகுன நம்ம ஆளுங்க முதல் பிட்ல இங்கதான் கவுந்துருவாங்க, நானும் கவுந்தேன். 40 அலமாரி, கெடங்குல எறக்கிட்டு வந்தா போதும்னு நெனச்சுப் போனா பொருள் போக வேண்டிய எடம் மூணாவது மாடி, லிஃப்ட்ல அலமாரி நுழையல. ஒண்ணு அம்பத்தஞ்சு கிலோ. படி வளைவுல திருப்பும்போது ரெண்டு கதவுல பவுடர் கோட்டிங் பேந்துபோச்சு, அத அங்கயே ஓரமா வச்சிட்டு மறுபடி ரெண்டு கதவு செஞ்சு எடுத்துட்டுப் போனேன். கூலியாளுக்கு மட்டும் ஒம்பதாயிரம். அந்த ஆர்டர்ல மிச்சம் பூஜ்யம்.

ரிவர்ஸ் ஆக்‌ஷன் இருக்கிற பிட்டுன்னா இன்னும் உஷாரா இருக்கணும். பிட் தொறந்து பாத்துட்டு ஏலம் மாதிரி எல்லாரும் கொறச்சுக்கிட்டே போவாங்க, கடைசி நிமிசத்துல ஒருத்தன் கொறச்சா டைம் நீளும், மறுபடி ஒருத்தன் கொறப்பான். அந்த நேரத்துல மனுசனுக்கு ஒரு வெறி வந்துரும். நான் ஒரு காகிதத்துல அடக்க விலையப் பெருசா எழுதி கம்ப்யூட்டர் மேல ஒட்டிருக்கேன், அதுக்குக் கீழ போனா எம் பொண்டாட்டி மவுஸ புடுங்கிரும் (சிரிக்காதீங்க, ரெண்டு தடவை புடுங்கிருக்கு).

டெலிவரி லேட்டானா வாரத்துக்கு அரை சதவீதம் புடிப்பாங்க, 10 சதவீதம் வரைக்கும் போகும். பொருள் போனதும் வந்து சேந்துச்சுன்னு பிஆர்சி ரசீது, சரிபாத்துட்டு ஏத்துக்கிட்டோம்னு சிஆர்ஏசி ரசீது. சிஆர்ஏசிக்கு பத்து நாள், அதுக்கப்பறம் பணத்துக்கு பத்து நாள்னு விதி. எனக்கு பாதிக்கு மேல ஒரு மாசத்துக்குள்ள வந்துருச்சு, கடைக்காரன் குடுக்கிறதவிட எவ்ளவோ பரவால்ல. மார்ச்ல மட்டும் பொருள் அனுப்பாதீங்க, பட்ஜெட் முடியுற அவசரத்துல ஆர்டர் போட்டுட்டு ஏப்ரல்ல ஃபண்ட் வரல்லன்னு சொல்லுவாங்க. ரெண்டரை லட்சத்துக்கு மேல கான்ட்ராக்ட்னா ஜிஎஸ்டில 2 சதவீதம் டிடிஎஸ் புடிச்சிட்டுத்தான் தருவாங்க, அது தொலைஞ்சு போகல, ஜிஎஸ்டி போர்ட்டல்ல போய் அக்செப்ட் குடுத்தா நம்ம கேஷ் லெட்ஜர்ல வந்து உக்காரும். நான் ஒரு வருசம் அது தெரியாமலே இருந்தேன்.

கரூர்_தறி_அக்கா

பணம் வராட்டி என்ன செய்யறதுன்னு யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி வாங்கினவங்க 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. இழுத்தா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல (நான் போட்டப்ப அது சமாதான்) புகார் போட்டா, இந்தப் பாக்கித் தகராற தீத்து வைக்கிற ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலுக்குப் போகும், தமிழ்நாட்டுல சென்னை, திருச்சி, மதுரை, கோவைல இருக்கு. கவுன்சில் நமக்கு சாதகமா சொல்லி அவங்க கோர்ட்டுக்குப் போகணும்னா 75 சதவீதத்தக் கட்டிட்டுத்தான் போக முடியும்.

எனக்கு ஒரு பொதுத்துறை நிறுவனம் திரைச்சீலை, பெட்ஷீட் வாங்கிட்டு ஏழு மாசம் இழுத்தடிச்சாங்க, போன் எடுக்கவே மாட்டாங்க. சமாதான்ல போட்டு நோட்டீஸ் போனதும் பதினோராவது நாள் அசல் வந்துருச்சு. வட்டிய நான் கேக்கல தம்பி, கேட்டா அடுத்த ஆர்டர் வருமாங்கற பயம்தான், சட்டம் கையில இருந்தாலும் நம்ம நெலமை இதுதான். பொதுத்துறை நிறுவனம்னா ட்ரெட்ஸ்ங்கற ஆன்லைன் தளத்துல பில்லப் போட்டு முன்னாடியே பணம் எடுக்கவும் வழி இருக்கு, கொஞ்சம் வட்டி போகும், ஆனா ஏழு மாசம் தறிக்காரங்களுக்கு பதில் சொல்றதுக்கு அது எவ்ளோ மேல்.

பட்டறைக்காரன்_மதுரை

இவ்ளோ பேர் இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல, ரொம்ப நன்றி. உத்யம் எடுத்துப் பாத்தேன், தயாரிப்புன்னுதான் இருக்கு, தப்பிச்சேன். நேத்து ராத்திரி தம்பியோட உக்காந்து அடக்கம் போட்டோம், தகடு சேதாரத்தோட 66 கிலோ, கிலோ 68 வச்சா 4,488, பவுடர் கோட்டிங் 900, பூட்டு கைப்பிடி கீல் 350, ஆள்கூலி 1,500, கரண்ட் பேக்கிங் 450. வண்டி, எறக்குகூலி 600 சேத்தா 8,288, ஜிஎஸ்டி 18 போட்டா 9,780 வருது. லாபமே இன்னும் வைக்கல. இதுக்கு முன்னாடி கடைக்கு எந்தக் கணக்குல குடுத்துட்டிருந்தோம்னு நெனச்சா இப்ப வயித்தக் கலக்குது.

இன்னும் ரெண்டு சந்தேகம். பொம்பளைங்க பேர்ல இருந்தா தனி ஒதுக்கீடு இருக்காமே, வீட்டுக்காரி பேருக்கு மாத்திரலாமான்னு தம்பி கேக்குறான். அப்பறம் நம்ம ஊர் அரசு ஸ்கூல் டெஸ்க் பெஞ்சுக்கும் இதே சலுகைதானா?

கரூர்_தறி_அக்கா

அந்த 25க்குள்ள பெண்களுக்கு 3 சதவீதம், எஸ்சி எஸ்டி தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், உண்மைதான். தனி ஓனர்னா பெண்ணே ஓனரா இருக்கணும், பார்ட்னர்ஷிப்னா 51 சதவீதம் பங்கு. ஆனா அது வாங்குற நிறுவனத்துக்கு வச்ச இலக்கு, பொம்பளை பேர் பாத்ததும் ஆர்டர் வந்து விழாது. கையெழுத்துக்கு மட்டும் வீட்டுக்காரியக் கூப்பிடுறதா இருந்தா வேணாம் தம்பி. உங்க மாதிரி பேர மாத்தி வச்சவங்களாலதான், நான் தறி போட்டு இருவது வருசம் ஆகியும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவர் "சார் எங்கம்மா?"ன்னு கேக்குறாரு. அவங்களே உக்காந்து நடத்துறாங்கன்னா தாராளமா மாத்துங்க.

துவாக்குடி_வெல்டர்

அக்கா குடுத்தது சரியான குத்து. கணக்குப்புள்ள சொன்ன திருத்தமும் சரி, 358 லிஸ்ட்ட நான் யோசிக்கல.

மாநில அரசு ஸ்கூலுக்கு இந்த 2012 கொள்கைய தூக்கிட்டுப் போகாதீங்க, செல்லாது. தமிழ்நாட்டுக்கு 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், போர்ட்டலும் வேற, சலுகை என்னன்னு அந்தந்த டெண்டர் டாக்குமென்ட்லதான் பாக்கணும். அதோட ஸ்டீல் ஃபர்னிச்சருன்னா பல துறைங்க டான்சி கிட்டயே வாங்கிருவாங்க, அது அரசு கம்பெனி. நீங்க மொதல்ல சென்ட்ரல்ல பழகுங்க. 120க்கு வேணாம், பெர்ஃபாமன்ஸ் செக்யூரிட்டி, தகடுக்கு முன்பணம், ரெண்டு மாசக் கூலின்னு பத்து லட்சத்துக்கு மேல முடங்கும், 80 லட்சம் டர்ன்ஓவருக்கு அது தாங்காது.

பட்டறைக்காரன்_மதுரை

சரிங்கண்ணே, 120 விட்டாச்சு. இன்னைக்கு வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், ஒரு சென்ட்ரல் ஸ்கூலுக்கு 18 அலமாரி, நம்ம பட்டறைல இருந்து 40 கிலோமீட்டர், அனுபவ விலக்கும் டர்ன்ஓவர் விலக்கும் ஆமான்னு இருக்கு, ரிவர்ஸ் ஆக்‌ஷன் இல்ல. 10,650க்குப் போடலாம்னு இருக்கோம். அக்கா, பேர் மாத்துற யோசனைய விட்டுட்டோம், தம்பிய நல்லா திட்டிட்டேன்.

நெல்லை_ஃபர்னிச்சர்

விலை நல்லாருக்கு. எத்தனாவது மாடின்னு கேட்டீங்களா?

பட்டறைக்காரன்_மதுரை

பிட்ல இருந்த நம்பருக்கு காலைலயே போன் போட்டுட்டேண்ணே. கீழ் தளம், லேப் ரூம். கதவு அகலமும் கேட்டு எழுதி வச்சிருக்கேன்.