வெறும் நீரில் வெடித்த தாது

சிங்கப்பூரின் ஈசூனில், வீவக எனப்படும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுக்கு வெளியே, நடைவழித் தொட்டிகளில் செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் வளர்க்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் ஜூன் விடுமுறைக்கு நுண்ணோக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்தபோது, முதலில் செம்பருத்தியின் தாதை, அதாவது மகரந்தத்தைத்தான் வைத்துப் பார்த்தோம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுப் பெரிதான மஞ்சள் உருண்டை, உடலெங்கும் முள். ரம்புத்தான் பழத்தைச் சுருக்கி வைத்தது போலிருந்தது.

மறுநாள் நித்தியகல்யாணியின் குறுகிய பூக்குழாயைச் சவர அலகால் நீளவாக்கில் பிளந்து, உள்ளே ஒளிந்திருந்த மகரந்தப்பைகளைக் குழாய்நீரில் உதறினோம். தாதுகள் உப்பின, சில நொடிகளில் ஒவ்வொன்றாக வெடித்து உள்ளிருந்ததைக் கக்கின. மகள் பதறிவிட்டாள். தாதின் உள்ளே கரைபொருள் செறிந்திருப்பதால் வெறும் நீர் அளவின்றி உட்புகுந்துவிடுகிறது. நூறு மில்லிலிட்டர் நீரில் பத்து கிராம் சர்க்கரை கரைத்து மீண்டும் முயன்றோம். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தாதொன்றின் பக்கத்திலிருந்து கண்ணாடி இழை போன்ற குழல் நீண்டது. அதனுள் சிறு துகள்கள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தன.

மகரந்தத்தூள் என்று நாம் சொல்லிவருவதில் அந்தத் ‘தூள்’ எனக்கு உறுத்தத் தொடங்கியது அன்றுதான். தாது என்ற பழஞ்சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலான பூக்களில் அது வெளியேறும்போதே இரண்டு உயிரணுக்களைக் கொண்டது: பெரியது குழலை வளர்க்கும், சிறியது பிரிந்து இரண்டு ஆணணுக்களாகும். நெல் போன்ற புல்லினங்களில் அந்தப் பிரிவு முன்னதாகவே நடந்து, மூன்று உயிரணுக்களோடு தாது காற்றில் ஏறுகிறது. வெளியுறையை ஆக்கியிருக்கும் ஸ்போரோபொலெனின், அமிலத்துக்கும் எளிதில் அசையாத பொருள். அவ்வுறை மெலிந்திருக்கும் துளைகளின் வழியாகத்தான் குழல் வெளிவருகிறது.

இத்தனை உறுதியான உறை எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டாள். அதற்காகவே, மனமில்லாமல், அரிசியளவு செம்பருத்தி மொட்டு ஒன்றைக் கிள்ளினேன். நசுக்கிப் பார்த்ததில் உருண்டைகள் நான்கு நான்காக ஒட்டியிருந்தன. ஒன்றிலும் முள் இல்லை. தாயணு ஒன்று, நிறப்புரிகளைப் பாதியாக்கும் குன்றல் பிரிவால் நான்காகி, காலோஸ் என்னும் பொதியுறைக்குள் அடங்கியிருக்கும் பருவம் அது. மகரந்தப்பையின் உட்சுவரான டபீட்டம் ஒரு நொதியால் அப்பொதியைக் கரைத்து நான்கையும் பிரித்துவிடுகிறது; ஊட்டமும் கொடுத்து, வெளியுறைக்கான பொருளையும் கொணர்ந்து சேர்க்கிறது. எல்லாம் முடிந்ததும் தானே சிதைந்து மறைகிறது. தாதுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது தாய்ச்செடிதான் என்று மகளிடம் சொன்னேன்.

அதே கிளையில், அதே அளவில் இன்னொரு மொட்டு இருக்கிறது. அதன் காம்பில் நூல் கட்டி, நாள்காட்டியில் தேதி குறித்திருக்கிறோம்.