எட்டாம் தலைமுறை போர்டுக்கு டிபிஎம் சிப் வாங்கச் சொல்லாதேங்கோ

வெள்ளவத்தைவாசி:
கொட்டாஞ்சேனை_பிசி நேற்று எழுதினதை அப்படியே போடுறன்: "விண்டோஸ் 11 போட டிபிஎம் சிப் கட்டாயம். ஐ5 8400, எச்310 போர்ட் வச்சிருக்கிறவங்க யூனிட்டி பிளாசாவுக்குப் போய் ஒரு சிப் வாங்கிப் பூட்டிட்டு வாங்க."

பச்சைப் பிழை. டிபிஎம் எண்டது மறையாக்கச் சாவியளைப் பூட்டி வைக்கிற பாதுகாப்புப் பகுதி. ஐ5 8400 எட்டாம் தலைமுறை இன்டெல் புரொசசர், அந்தத் தலைமுறையில டிபிஎம் 2.0 ஏற்கெனவே இருக்குது. பேர் பிடிடி. பயோஸில, அதாவது விண்டோஸுக்கு முதல் ஓடுற போர்டின்ர மென்பொருளில, நிப்பாட்டி வச்சிருக்கிறதால விண்டோஸின்ர கண்ணுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான். ரன் பெட்டியில டிபிஎம்.எம்எஸ்சி எண்டு அடிச்சால் பொருத்தமான டிபிஎம் இல்லை எண்டு வரும். அதைப் பார்த்துப் போட்டு காசோட பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஓடாதேங்கோ. ரீஸ்டார்ட் பண்ணி டிலீட் கீயைத் தட்டுங்கோ. ஏசஸ் எண்டால் அட்வான்ஸ்டுக்குள்ள பிசிஎச்-எஃப்டபிள்யூ கொன்ஃபிகரேஷன், அதுக்குள்ள பிடிடி. எம்எஸ்ஐ எண்டால் செக்யூரிட்டி, ட்ரஸ்டட் கம்பியூட்டிங், செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட். இனேபிள் போட்டு எஃப்10. திரும்ப அதே டிபிஎம்.எம்எஸ்சியைத் திறந்தால் ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 எண்டு நிக்கும். சிப்புக்கு ஒரு சதமும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_பிசி:
லெக்சர் நல்லா இருக்கு அண்ணன். நான் கேக்கிறது ஒண்ணுதான். போர்டுல சிப் எங்க? எச்310 போர்டைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஓரத்துல டிபிஎம்னு அச்சடிச்ச பின் வரிசை வெறுமையா நிக்கும். எதுக்கு அந்த இடத்தை விட்டு வச்சிருக்கான்? சிப் பூட்டத்தான். சிப் இல்லைன்னா டிபிஎம் இல்லை.

வெள்ளவத்தைவாசி:
டிபிஎம் எண்டது ஒரு வரையறை. ஐஎஸ்ஓ 11889 எண்ட தரமாவே அது இருக்குது. தனிச் சிப்பாத்தான் இருக்க வேணும் எண்டு அதில இல்லை. பிடிடி ஓடுறது சிப்செட்டுக்குள்ள இருக்கிற மனேஜ்மன்ட் எஞ்சின் எண்ட குட்டிப் புரொசசரில. தன்ர தரவை பயோஸ் இருக்கிற அதே ஃபிளாஷ் மெமரியில பூட்டி வைக்குது. மைக்ரோசொஃப்ட் இதை முழுசா ஏத்துக்கொள்ளுது.

அந்தப் பின் வரிசையைப் பற்றியும் கதைப்பம். ஒரு போர்டில 14-1 (14 பின்னில ஒண்டு குறைய), இன்னொண்டில 20-1, வேற ஒண்டில 12-1. பின் எண்ணிக்கை ஒத்து வந்தாலும் கம்பனிக்குக் கம்பனி வயரிங் மாறும். போர்ட் மொடல் எண்ணைக் கேளாமல் மொடியூலை நீட்டுறவனிட்ட வாங்கினால், அது பொருந்தும் எண்டதுக்கு ஆர் பொறுப்பு?

கொட்டாஞ்சேனை_பிசி:
வரையறையை விடுங்க. சிப் எங்க?

தெஹிவளை_ரைசன்:
கொட்டாஞ்சேனை_பிசி சொல்றதுல நியாயம் இருக்கு. ஏஎம்டி பக்கம் பிடிடி மாதிரி உள்ள எஃப்டிபிஎம் போட்டதும் விளையாடும்போது திடீர்னு ஒரு திக்கல், சத்தமும் சேர்ந்து விட்டு விட்டு வந்தது. 2022 மார்ச்சுல ஏஎம்டியே ஒத்துக்கிட்டாங்க. எஃப்டிபிஎம் ஃபிளாஷோட நீண்ட நேரம் பேசும்போது மெஷின் நிண்டு போகுதுன்னு காரணமும் சொன்னாங்க. தனி மொடியூல் போடுறதையும் ஒரு வழியா அவங்களே சொல்லியிருந்தாங்க.

வெள்ளவத்தைவாசி:
தம்பி, அதே அறிவிப்பில ஏஜீசா 1207 (ஏஎம்டி தாற பயோஸ் அடிப்படைக் கோட்) உள்ள பயோஸ் வரும் எண்டும் இருந்தது. வந்து கன காலம். பயோஸை ஏத்தினால் சரி. அதோட இங்க கதை ஐ5 8400. ஏஎம்டியை ஏன் இழுக்கிறீர்?

தெஹிவளை_ரைசன்:
ஏத்தினா சரியா? பயோஸ் ஏத்தினா எஃப்டிபிஎம் அழியலாம். டிஸ்கை மறையாக்கிப் பூட்டுற பிட்லொக்கர் போட்டிருந்தா அடுத்த பூட்ல 48 இலக்க ரிக்கவரி கீ கேக்கும். அது இல்லைன்னா டிஸ்கில உள்ளது போச்சு. இதைச் சொல்லாம 'ஏத்துங்க'ன்னு ஒரு சொல்லில முடிக்கிறீங்க.

வெள்ளவத்தைவாசி:
சரி, எழுதுறன். பயோஸைத் தொட முதல் கொன்ட்ரோல் பெனலில பிட்லொக்கரை சஸ்பென்ட் பண்ணுங்கோ. ஹோம் பதிப்பிலயும் டிவைஸ் என்கிரிப்ஷன் ஓனா எண்டு செட்டிங்ஸில பாருங்கோ. 48 இலக்கத்தையும் கடதாசியில எழுதி வையுங்கோ, அதே டிஸ்கில சேமிக்காதேங்கோ. யூபிஎஸ் இல்லாமல் பயோஸ் ஏத்தவே கூடாது. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருண்டது. ஃபிளாஷ் பாதியில இருக்கேக்க கரண்ட் நிண்டால் போர்ட் எழும்பாமலே போகலாம்.

கொட்டாஞ்சேனை_பிசி:
யூபிஎஸ் பத்தி நீங்க பேசாதீங்க. போன மாசம் 650 விஏ யூபிஎஸ்ல லேசர் பிரிண்டரைச் சொருகலாம்னு அடிச்சுச் சொன்ன ஆள் நீங்கதான். டோனரை உருக்கி ஒட்டுற பியூசர் சூடாகும்போது ஓவர்லோட்ல அலறும்னு நான் சொன்னேன், கேட்டீங்களா?

வெள்ளவத்தைவாசி:
இன்க்ஜெட் எண்டுதான் சொன்னனான். போய் வாசியும்.

கொட்டாஞ்சேனை_பிசி:
வாசிச்சிட்டுத்தான் சொல்றேன். லேசர்.

பத்துபோதும்:
ஏன் இந்த அவதி? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. ஆனால் வீட்டுப் பாவனையாளருக்கு நீடித்த பாதுகாப்புத் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரை என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. 22எச்2 பதிப்பில் இருந்து, அந்தத் திட்டத்தில் பதிந்தால் போதும். டிபிஎம்மும் வேண்டாம், சிப்பும் வேண்டாம்.

வெள்ளவத்தைவாசி:
அது ஒரு வருஷத்துக்கு ஒட்டுப் போடுற வேலை. ஐ5 8400 விண்டோஸ் 11 தகுதிப் பட்டியலில இருக்குது. பட்டியலில இல்லாத ஐ5 7400 காரர் இதைக் கேட்டால் நியாயம்.

பிடிடியோட வேலை முடியாது எண்டதையும் சொல்ல வேணும். உண்மையா ஆக்கள் மாட்டுப்படுறது சிப்பில இல்லை, டிஸ்கில. இங்க பழைய மெஷின்களில சி, டி, ஈ எண்டு மூண்டாப் பிரிச்சு, விண்டோஸை லெகசி எண்ட பழைய பூட் முறையில போட்டு விட்டிருப்பினம். டிஸ்க் பிரிப்பும் எம்பிஆர் எண்ட பழைய முறை. விண்டோஸ் 11க்கு யூஈஎஃப்ஐ எண்ட புதிய பூட் முறை வேணும், அதுக்கு ஜிபிடி எண்ட புதிய டிஸ்க் பிரிப்பு வேணும். அட்மின் உரிமையோட கமான்ட் பெட்டியைத் திறந்து எம்பிஆர்2ஜிபிடி எண்ட மாத்துற கருவியை முதலில வெலிடேட் (சோதிச்சு மட்டும் பாக்கிறது), டிஸ்க் 0, அலவ்ஃபுல்ஓஎஸ் எண்ட சுவிச்சுகளோட ஓட்டுங்கோ. டி, ஈ இரண்டும் எக்ஸ்டென்டட் பகுதிக்குள்ள லொஜிக்கல் டிரைவா இருந்தால் அந்த இடத்திலயே மாட்டன் எண்டும். பிரைமரி மூண்டுக்கு மேல இருந்தாலும் அதே பதில்தான். அப்ப அந்த இரண்டிலயும் உள்ளதை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாத்தி, எக்ஸ்டென்டட் பகுதியை அழிச்சுப் போட்டுத் திரும்ப ஓட்ட வேணும். வெலிடேட் சரிவந்த பிறகு கொன்வேர்ட். அதுக்குப் பிறகுதான் பயோஸில லெகசி பூட்டுக்கு இடம் குடுக்கிற சிஎஸ்எம்மை நிப்பாட்டிறது. ஒழுங்கை மாத்திச் செய்தால் பூட் டிவைஸ் இல்லை எண்டு கறுப்புத் திரைதான்.

கொட்டாஞ்சேனை_பிசி:
சிஎஸ்எம்மை நிப்பாட்டுன்னு சுலபமா சொல்லியாச்சு. பழைய கிராஃபிக்ஸ் கார்ட் போட்டிருந்தா? யூஈஎஃப்ஐல படம் காட்டுற ஜிஓபி மென்பொருள் அந்தக் கார்டோட பயோஸில இல்லைன்னா மொனிட்டர்ல ஒண்ணும் வராது. ஐ5 8400க்குள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கு, கார்டைக் கழட்டிட்டு கேபிளை போர்டுல குத்தணும். அதை ஏன் சொல்லல?

வெள்ளவத்தைவாசி:
கேக்கேல்லை, சொல்லேல்லை. ஆனால் அது சரி.

கொட்டாஞ்சேனை_பிசி:
அப்போ நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டீங்க.

வெள்ளவத்தைவாசி:
கார்ட் விஷயம் சரி. சிப் விஷயம் பிழை, இப்பவும் பிழை.

பத்துபோதும்:
32 பிட் விண்டோஸ் 10 போட்டிருப்பவர்களை இருவருமே மறந்துவிட்டீர்கள். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான். அதன் மேல் அப்கிரேட் போகாது, புதிதாகவே போட வேண்டும். 32 பிட் டிரைவர் மட்டும் உள்ள பழைய பிரிண்டர் அதோடு நின்றுவிடும்.

தெஹிவளை_ரைசன்:
8 ஜிபி ரேம் போட்டவன் எவன் 32 பிட் வச்சிருக்கான்?

பத்துபோதும்:
4 ஜிபியோடு வாங்கிய மெஷின்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா?

கொட்டாஞ்சேனை_பிசி:
பேச்சை மாத்தாதீங்க. பிடிடின்னு ஒரு சொல்லைச் சொல்லி ஆக்களைக் குழப்பிட்டு, கடைசி வரைக்கும் சிப்பைக் காட்டல. பின் வரிசை வெறுமையா இருக்கு. என் கேள்வி அங்கதான் நிக்குது.

வெள்ளவத்தைவாசி:
ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி விண்டோஸ் 11 தகுதிச் சோதனையைத் தாண்டுற வழிக்குக் கூட டிபிஎம் 1.2 ஆவது வேணும் எண்டு மைக்ரோசொஃப்ட் முந்தி எழுதி வச்சிருந்தது. பிடிடி டிபிஎம் இல்லையெண்டால், ஒரு மொடியூலும் பூட்டாத எச்310 போர்டில பிடிடியை ஓன் பண்ணின உடன மைக்ரோசொஃப்டின்ர ஹெல்த் செக் செயலி டிபிஎம்முக்குப் பச்சை அடையாளம் காட்டுறது எப்பிடி? இதுக்கு மட்டும் பதில் சொல்லும்.

கொட்டாஞ்சேனை_பிசி:
செயலி என்னவும் காட்டும். போர்டுல சிப் எங்க?

வெள்ளவத்தைவாசி:
உங்கட போர்ட் மொடல் எண்ணை இங்க போடும். எந்த மெனுவில பிடிடி இருக்குது எண்டு வரி வரியா எழுதுறன்.

தெஹிவளை_ரைசன்:
அந்த யூபிஎஸ் விஷயம், லேசர்னுதான் எழுதியிருக்கீங்க அண்ணன். இப்பதான் பார்த்தேன்.